சால்மன் இலவசம், டாக்ஸி கொள்ளை

சியாட்டில் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைக் பிளேஸ் சந்தையில் செத்த மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் டிக்கெட் விலையைக் கேட்டால் மேலே ஏறாமலே தலை சுற்றும். நவம்பரில் போனால் இரண்டையும் விட்டுவிட்டு, கடலிலிருந்து சால்மன் மீன்கள் முட்டையிடத் திரும்பி வருவதைப் பார்க்க கார்கீக் பூங்காவுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

டவுன்டவுனில் டி லைன் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், பக்கத்திலேயே பைப்பர்ஸ் ஓடையை ஒட்டிய பாதை. முழுக்க இறக்கம், முழுக்கச் சேறு.

ஓடை என்றால் நம் ஊர் வாய்க்கால் அளவுதான், முழங்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதில் கை நீளத்துக்கு மீன்கள், முதுகு வெளியே தெரிய எதிர்நீச்சல் போடுகின்றன! சம் என்ற சால்மன் வகை. உடம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாகத் தீற்றல். ஆணுக்கு வளைந்த மூக்கு, துருத்திய பல். ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளைக் கல்லை அடித்து அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. வால் நுனி தேய்ந்து வெளுத்தே போயிருந்தது. பின்னால் இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே ரகளை.

ஒரு காலத்தில் இங்கே சால்மனே இல்லாமல் போயிருந்தது. காட்டை வெட்டினார்கள், சாக்கடையை விட்டார்கள். தார் ரோடுகள் வந்தபின் மழைநீர் மண்ணில் இறங்காமல் மொத்தமாகப் பாய்ந்து சரளையை அரித்துவிடும். சரளை போனால் முட்டையிட இடமேது? அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் பல வருஷமாகக் கரையில் மரம் நட்டு ஓடையைத் தேற்றி வருகிறார்கள். குறுக்கே பதித்த கட்டைகளால் படிப்படியாகச் சிறு மடுக்கள். மீன் ஒன்றில் மூச்சு வாங்கி அடுத்ததற்குத் தாவும். குஞ்சுகள் சுக்குவாமிஷ் பழங்குடியினரின் பொரிப்பகத்திலிருந்து வருகின்றன. வசந்தத்தில் அவற்றைப் பூங்காக் குளத்தில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு ஓடையில் விடுகிறார்கள். இந்தத் தண்ணீரின் வாசனை பதிந்துவிட்டால், கடலில் வளர்ந்து மூன்று நான்கு வருஷம் கழித்து அதே வாசனையைப் பிடித்துத் திரும்பி வருகின்றன. இயற்கை தானாக மீண்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வருஷா வருஷம் ஆள் இறங்கி வேலை செய்தால்தான் இது நடக்கும்.

மழைக்கோட்டு போட்ட ஒரு பாட்டி, செத்த பெண் மீனைக் கரையில் போட்டு வயிற்றைக் கத்தியால் கீறிக் காட்டினார். உள்ளே ஒன்றிரண்டு ஆரஞ்சு முட்டைகள்தான். “சினை எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் செத்திருக்கு, நல்லது” என்று சொல்லிவிட்டு உடலை ஓடையிலேயே திரும்ப விட்டார். அது பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் தீனி. நாற்றம் மட்டும் சொல்லி மாளாது.

கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகை வராதா என்று கேட்டேன். பாட்டியின் முகம் மாறிவிட்டது. டயர் ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் ஒன்று ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது. மழையில் கழுவிக்கொண்டு ஓடைக்கு வந்துவிடுகிறது. 2020-ல்தான் கண்டுபிடித்தார்கள். சம் தாக்குப்பிடிக்கும். கோஹோ முட்டை போடுவதற்கு முன்பே சில மணி நேரத்தில் செத்துவிடும்.

இதைக் கேட்ட கையோடு நான் ஏறியது டாக்ஸியில்! என்ன செய்ய, கொட்டும் மழை, திரும்பும் வழி முழுக்க மேடு. அந்த ஓட்டுநர் ஊரெல்லாம் சுற்றிக் காட்டி, பஸ்ஸுக்குக் கொடுத்ததைப் போல பத்து மடங்குக்கு மேல் கறந்துவிட்டார். அன்றைய சாப்பாட்டு பட்ஜெட் காலி. நல்லவேளை, பாலார்ட் பகுதியில் ஒரு வியட்நாமியக் கடையில் கோழி ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் கிடைத்தது. பெரிய கிண்ணம், கொதிக்கக் கொதிக்கச் சூப், எலுமிச்சை, பச்சை மிளகாய். பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் டாப், விலையும் கட்டுப்படி.

சரி, போகிறவர்களுக்கு: நவம்பர் நடுவில், நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். ரயில் பாதைக்கு அடியில் உள்ள கல்வெர்ட் வழியாகத்தான் மீன் கடலிலிருந்து உள்ளே வர வேண்டும், ஓதம் ஏறும் நேரம் உத்தமம். படம் எடுக்கிறேன் என்று ஓடைக்குள் கால் வைக்காதீர்கள், காலடியில் முட்டை இருக்கும். திரும்பும்போது மழை விடும்வரை காத்திருந்து பஸ்ஸையே பிடியுங்கள்.