உதவித்தொகை என்று வந்த அழைப்பு

சென்ற மாதம் ஒருநாள் முற்பகலில் என் தங்கையின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்னவர், பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் மகளின் பெயரையும் பள்ளியின் பெயரையும் பிசகாமல் கூறி, “கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைதானே அம்மா?” என்று கேட்டபோதே அவளுடைய சந்தேகம் பாதி கரைந்துவிட்டது. உதவித்தொகையாக 18,000 ரூபாய் வந்திருக்கிறது, வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தால் க்யூஆர் கோடு அனுப்புகிறோம், அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் தொகை கணக்கில் ஏறிவிடும் என்றார். மகள் பாடத்துக்கு வைத்திருக்கும் கைப்பேசியின் எண்ணைத் தங்கை கொடுத்தாள். வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாள். 9,500 ரூபாய் போயிற்று.

யுபிஐயில் நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை. அதைப் போடும்படி கேட்டால் நம் பணம் வெளியே போகிறது என்றுதான் பொருள். தங்கைக்கு இது தெரியாததல்ல. தினமும் காய்கறிக் கடையில் அப்படித்தான் பணம் கொடுக்கிறாள். அன்று திரையில் யாரோ ஒருவரின் பெயர் தெரிந்தபோதும், அது அந்த அதிகாரியின் பெயராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாளாம். மகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் வேறு யாராக இருக்க முடியும்?

அவ்வளவையும் அவருக்குச் சொன்னது ஒரு வாழ்த்து அட்டை. பரிசு கிடைத்ததும் பள்ளியில் தயாரித்த அந்த அட்டையில் பிள்ளையின் படம், பெயர், வகுப்பு ஆகியவற்றோடு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேர்வதற்கான இணைப்பும் அடியில் அச்சாகியிருந்தது. தங்கை அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். நான் உட்பட உறவினர் எல்லோரும் பெருமையோடு அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினோம். அந்த இணைப்பைத் தட்டி உள்ளே வரும் எவரும் குழுவிலுள்ள அத்தனை பேரின் எண்களையும் பார்க்கலாம். பிள்ளைகள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிப்பதையே பாதுகாப்பு என்று நினைத்திருந்த எனக்கு, பிள்ளையின் விவரங்களை வெளியே கொட்டியதெல்லாம் பெரியவர்களாகிய நாங்கள்தான் என்பது வெட்கமாக இருந்தது.

பணத்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. கணவர் திட்டுவார் என்று பயந்து தங்கை இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் மகள்தான், “மாமா, அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள்” என்று என்னை அழைத்தாள். உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். வங்கியின் பெயர், பணம் போன நேரம், பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் விவரங்களை ஏற்றினோம். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை முடக்கிவைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்பதால், ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான்.

இப்போது அந்தக் குழுவின் பழைய இணைப்பை ரத்து செய்துவிட்டு, நிர்வாகியின் அனுமதியில்லாமல் யாரும் சேர முடியாதபடி மாற்றியிருக்கிறார்கள். தங்கையின் பணத்தில் 4,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. மீதி, அவள் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டதாம்.