கூத்துப் படங்களுக்காக ஒரு 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு: டார்க்டேபிளில் செய்து பார்த்தது

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் அக்னி வசந்த விழா. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை பாரதக் கூத்து. இரண்டு போகஸ் லைட்டும் ஒரு ட்யூப்லைட்டும்தான் மொத்த வெளிச்சம். ஆட்டக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது ஷட்டர் வேகத்தைக் குறைக்க முடியாது, அதனால் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 6400க்குக் கீழே இறங்கவே முடியவில்லை. மூன்று ராத்திரியில் 430 ரா பைல், கேமரா பதிந்த விவரம் அப்படியே இருக்கும் கோப்புகள். அதில் தேறியவை 60.

அந்த 60இல் ஒன்று துரியோதனன் வேடம். கன்னத்தில் சிவப்பு அரிதாரம், அதன்மேல் ஈர்க்குச்சியால் வைத்த வெள்ளைப் புள்ளிகள். திரையில் நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி எது, ஐஎஸ்ஓ ஏற்றியதால் வந்த நாய்ஸ் என்ற பொரிப்பொரியான தூவல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. செல்போன் ஆப் போல ஒரே இழுப்பில் வழவழவென்று தேய்த்துவிட்டால் நாய்ஸோடு அந்தப் புள்ளிகளும் போய்விடும். வேடம் கட்ட அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அருகில் இருந்து பார்த்தவன் நான். அந்தப் புள்ளி ஒன்றுகூட அழியக் கூடாது.

நான் பயன்படுத்துவது டார்க்டேபிள். 2009இல் யோஹானஸ் ஹானிகா தொடங்கிய, ரா படங்களைத் திருத்தும் கட்டற்ற மென்பொருள். அதில் டினாய்ஸ் புரொபைல்ட் என்று நாய்ஸைக் குறைக்கும் ஒரு மாட்யூல் உண்டு. கேமரா மாடல் வாரியாக, ஐஎஸ்ஓ வாரியாக நாய்ஸை அளந்து வைத்த விவரத்தைக் கொண்டு வேலை செய்யும். அதிலேயே நான்-லோக்கல் மீன்ஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள சிறு கட்டத்தை எடுத்து, அக்கம்பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவற்றை மட்டும் சேர்த்துச் சராசரி எடுக்கும். வெள்ளைப் புள்ளி வெள்ளைப் புள்ளியோடு சேரும், சிவப்பு சிவப்போடு சேரும். கூத்து முகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. அதன்மேல் டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் மாட்யூலை இரண்டு தடவை போட்டால் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகள்கூடத் தெளிந்து வரும்.

விலை நேரத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருப்பது ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய ஐ5-4570 டெஸ்க்டாப், நான்கு கோர், 16 ஜிபி ரேம், டெபியன் 12 என்ற லினக்ஸ். இந்த இரண்டு மாட்யூலும் சேர்ந்த ஒரு 24 மெகாபிக்சல் படம் எக்ஸ்போர்ட் ஆக 1 நிமிடம் 52 விநாடி. ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆறேழு விநாடி காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது கண் முந்தைய நிறத்தை மறந்துவிடுகிறது. எனக்கு உண்மையான கஷ்டம் அங்கேதான் இருந்தது. எக்ஸ்போர்ட்டை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம், ஸ்லைடரை அப்படி விட முடியாது.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரின் சிபியுவுக்குப் பதிலாக வேகமாகப் போட ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவானதும் முதலில் கேபினட்டைத் திறந்து பவர் சப்ளையைத்தான் பார்த்தேன். தனி 6 பின் ஒயர் கிடையாது. அப்படியானால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டுதான் போட முடியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடையில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கிடைத்தது. 2016இல் வந்த கார்டு, 640 கோர், 2 ஜிபி மெமரி, தனி ஒயர் வேண்டாத மாடல். பழைய சரக்கு, 4,300 ரூபாய். "அண்ணே, கேம் போட்டுக் காட்டட்டுமா?" என்று கடைப் பையன் கேட்டான். போட்டோ வேலைக்கு என்றதும் யோசித்து, "அப்ப 4 ஜிபி கார்டா பாருங்கண்ணே" என்றான். விலை கூட என்று விட்டுவிட்டேன். அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டு வாரம் கழித்துப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து கார்டைச் செருகி, மானிட்டர் ஒயரை அதில் மாட்டினேன். படம் வந்தது. டார்க்டேபிளைத் திறந்து அமைப்புகளில் பார்த்தால், கார்டைக் கணக்குக்குப் பயன்படுத்தச் சொல்லும் ஓப்பன்சிஎல் வரி மங்கலாகவே கிடந்தது, டிக் போட முடியவில்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மானிட்டரில் படம் காட்டுவது ஒரு வேலை. கணக்குப் போடுவது வேறு வேலை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வரும் நூவோ டிரைவர் முதல் வேலையைச் செய்துவிடும். டார்க்டேபிள் கேட்பது இரண்டாவதை, அதையும் ஓப்பன்சிஎல் என்ற பொது மொழியில் கேட்கிறது. அந்த மொழியை இந்தக் கார்டுக்குச் சரியாகப் புரியவைக்க என்விடியாவின் சொந்த டிரைவர் தேவை.

டெபியனில் அதற்கு, கட்டற்றவை அல்லாத மென்பொருள்கள் இருக்கும் நான்-ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன், டிரைவரை நிறுவினேன், மறுபடி துவக்கினேன். கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வந்தது. அங்கே லாகின் செய்து டிகேஎம்எஸ் என்ற கருவியின் நிலையைக் கேட்டேன். இந்த டிரைவரில் ஒரு பகுதி கெர்னலுக்குள் போய் உட்கார வேண்டிய மாட்யூல். அதை ஒவ்வொரு கெர்னலுக்கும் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே கட்டித் தருவதுதான் டிகேஎம்எஸ் வேலை. கட்டி முடித்திருந்தால் வரியின் கடைசியில் 'இன்ஸ்டால்ட்' என்று இருக்கும். எனக்கு 'ஆடட்' என்று மட்டும் இருந்தது. மூலநிரல் வந்து சேர்ந்திருக்கிறது, கட்டப்படவில்லை. கட்டுவதற்குக் கெர்னல் ஹெடர்கள், அதாவது கெர்னலோடு எப்படி இணைய வேண்டும் என்று சொல்லும் கோப்புகள், வேண்டும். வட்டில் இடம் மிச்சப்படுத்த, பரிந்துரைக்கும் பேக்கேஜ்கள் வேண்டாம் என்று எப்போதோ நான் அணைத்து வைத்திருந்தேன், அதனால் ஹெடர்கள் வரவே இல்லை. டிரைவர் நிறுவும்போது நூவோ தடுக்கப்பட்டுவிடும். பழையது போனது, புதியது வரவில்லை, திரை கறுத்தது. ஹெடர் பேக்கேஜை அந்த எழுத்துத் திரையிலிருந்தே நிறுவியதும் மாட்யூல் தானாகக் கட்டப்பட்டது. குறிப்பிட்ட கெர்னல் எண்ணுக்கான ஹெடரை எடுக்காமல், பொதுவான ஏஎம்டி64 ஹெடர் பேக்கேஜை எடுத்தேன் (64 பிட் இன்டெல் கம்ப்யூட்டருக்கும் அதே பெயர்தான்). அப்போதுதான் கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் ஹெடரும் கூடவே வரும். அதன்பிறகு இரண்டு தடவை கெர்னல் மாறிவிட்டது, திரை கறுக்கவில்லை.

கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் துவக்க விடும் செக்யூர் பூட்டைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் இன்னொரு படி உண்டு. இப்படி வீட்டில் கட்டிய மாட்யூலுக்குக் கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் கெர்னல் அதை உள்ளே விடாது.

சரி, டிரைவர் வந்தாயிற்று. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கார்டின் பெயர், வெப்பம், மெமரி எல்லாம் காட்டியது. டார்க்டேபிளில் அந்த வரி இன்னும் மங்கல்தான். ஓப்பன்சிஎல்லுக்கு எந்தெந்த டிரைவர் கிடைக்கிறது என்று பட்டியலிடும் சிஎல்இன்ஃபோ என்ற சின்ன நிரலை ஓட்டினேன். பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை 0.

இங்கேதான் ஓப்பன்சிஎல் எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கியது. டார்க்டேபிள் நேராகக் கார்டிடம் போவதில்லை. நடுவில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. அது ஈடிசி கோப்புறைக்குள் ஓப்பன்சிஎல், அதற்குள் வெண்டார்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து பார்க்கும். அங்கே ஐசிடி என்று முடியும் குட்டிக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே வரி: இந்தக் கம்பெனி கார்டுக்கு இந்த நூலகத்தைக் கூப்பிடு. என் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புறை காலியாக இருந்தது. டெபியனில் என்விடியாவின் ஓப்பன்சிஎல் ஐசிடி தனிப் பேக்கேஜ். அதை நிறுவியதும் சிஎல்இன்ஃபோவில் 0 என்பது 1 ஆனது. அந்த ஒன்றைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சாதாரணமானதில்லை.

டார்க்டேபிளை முதல் தடவை திறக்கும்போது கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் நிற்கும். தன் ஓப்பன்சிஎல் நிரல்களை இந்தக் கார்டுக்கு, இந்த டிரைவருக்கு ஏற்றபடி அது மொழிபெயர்த்துச் சேமித்துக்கொள்கிற நேரம் அது. பொறுமையாக விட்டுவிட வேண்டும். டிரைவர் மாறினால் மறுபடியும் ஒரு தடவை நடக்கும்.

துரியோதனனை எக்ஸ்போர்ட் செய்தேன். 1 நிமிடம் 31 விநாடி. அவ்வளவு பாடுபட்டதற்கு மிச்சம் 21 விநாடி.

டெர்மினலிலிருந்து டார்க்டேபிளைத் திறந்து, ஓப்பன்சிஎல், பெர்ஃப் ஆகிய இரண்டு குறிப்பையும் எழுதச் சொன்னால், எந்த மாட்யூல் எத்தனை விநாடி, ஜிபியுவிலா (கார்டின் சிப்) சிபியுவிலா என்று வரிவரியாகச் சொல்லிவிடும். டினாய்ஸ் வரியில் ஜிபியு என்றிருந்தது. டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன் வரிகளில் சிபியு. மெமரி போதாமல் அந்த மாட்யூல் திரும்பி வந்துவிட்டது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். படம் 6000க்கு 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல். டார்க்டேபிள் உள்ளுக்குள் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு தசம எண் வைக்கிறது, எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 16 பைட். ஒரு படத்துக்கு 384 எம்பி. மாட்யூலுக்குள் போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று, அதற்கே 768 எம்பி. நடுவில் பெரிய விவரம், நுண்ணிய விவரம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைக்க இன்னும் பல தற்காலிக நகல்கள். ஹார்ட்டிஸ்கில் 25 எம்பியாகக் கிடக்கும் ரா பைல், கார்டுக்குள் போனதும் இப்படி விரிகிறது. 2 ஜிபி எந்த மூலைக்கு? இடம் போதாவிட்டால் படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒவ்வொன்றாக அனுப்பும். இதை டைலிங் என்கிறார்கள். ஓரம் அகலமாக வேண்டிய மாட்யூலுக்கு, கையில் இருக்கும் மெமரியில் சதுரம் மிகச் சிறியதாகிவிட்டால் டைலிங்கும் பயன்படாது.

அந்தக் கையிருப்பிலும் 340 எம்பி ஏற்கெனவே போயிருந்தது. திரையைக் காட்டுவதும், திறந்து வைத்த பிரவுசரும் அதே கார்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. இந்த ஐ5இல் சொந்தமாக ஒரு சின்ன கிராபிக்ஸ் உண்டு. கார்டு செருகியதும், கம்ப்யூட்டரைத் துவக்கும் மதர்போர்டு நிரலான பயாஸ் அதைத் தூங்க வைத்துவிடுகிறது. பயாஸுக்குள் போய் அதை எழுப்பி, மானிட்டர் ஒயரைக் கார்டிலிருந்து கழற்றி மதர்போர்டில் மாட்டினேன். திரை வேலை முழுக்க அந்தப் பக்கம் போனது. கார்டின் 2 ஜிபியும் கணக்குக்கு மட்டும். டார்க்டேபிள் அமைப்பில் 'ரிசோர்சஸ்' என்ற இடத்தை 'டிஃபால்ட்' என்பதிலிருந்து 'லார்ஜ்' என்று மாற்றினேன்.

மறுபடி எக்ஸ்போர்ட். 19 விநாடி. எல்லா வரியிலும் ஜிபியு, டைலிங் இருந்தாலும் பெரிய சதுரங்கள். ஸ்லைடரை நகர்த்தினால் முழுசாக ஒரு விநாடிகூட ஆகவில்லை. சிவப்பு மாறுவதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது. 4 ஜிபி வாங்கியிருந்தால் இந்த ஒயர் மாற்றமே தேவைப்பட்டிருக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் கோர் எண்ணிக்கையைப் பார்க்கும் முன் மெமரியைப் பாருங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. கார்டு வேகமாகப் போடும் கணக்கும் சிபியு போடும் கணக்கும் ஒன்றுதானா? அதே படத்தை ஓப்பன்சிஎல்லை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை, விவரம் இழக்காத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தேன். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இரண்டையும் மேலுக்கு மேல் வைத்து, லேயர் முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றினேன். முழுக் கறுப்பு. லெவல்ஸை முடிந்தமட்டும் உயர்த்தியபோது ஆங்காங்கே மணல்போல் தூவல் தெரிந்தது, தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் வித்தியாசம். கன்னத்துப் புள்ளிகள் இருந்த இடத்தில் எந்த உருவமும் தெரியவில்லை. அதன்பிறகுதான் மீதி 59 படத்தையும் ஓடவிட்டேன். 20 நிமிடத்துக்குள் முடிந்தது.

ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. மேசா என்ற கட்டற்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் இருந்த பழைய ஓப்பன்சிஎல் பகுதியான க்ளோவர் டார்க்டேபிளுக்கு உதவாது, அதில் படங்களைக் கையாளும் பகுதி முழுமையில்லை. அதற்குப் பதிலாக 2022இல் மேசா 22.3இலிருந்து ரஸ்டிக்கிள் வந்திருக்கிறது, ஒரு சூழல் மாறியைப் போட்டு நாமே எழுப்ப வேண்டும். விண்டோஸில் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருள் வைத்திருக்கும் என் ஆபீஸ் நண்பருக்கு இந்தக் கோர்வை எதுவும் இல்லை. என்விடியாவின் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இருக்கும் இரண்டு டிரைவர் வரிசையில் அவர் ஸ்டுடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். படம் திருத்தும் மென்பொருள்களோடு சோதித்து வெளியிடுவது அதுதான், அவசரமாக மாறாது.

டிரைவரில் நான் இப்போதைக்குக் கை வைக்கப் போவதில்லை. டெபியன் 12 தரும் 535 வரிசை நிம்மதியாக ஓடுகிறது. என் கார்டின் பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசைதான் கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. இதைவிடப் பழைய கெப்ளர் கார்டுகள் 470இல் நின்றுபோயின. பழைய கார்டு வாங்கும் முன் அது எந்தத் தலைமுறை, எந்த எண்ணோடு நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

போன ஞாயிறு 12க்கு 18 அங்குல அளவில் துரியோதனன் படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். கூத்து வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பக்கம் ஒரு புள்ளி விட்டுட்டான் பாரு தம்பி" என்றார். எண்ணிப் பார்த்தேன். வலது கன்னத்தில் ஒன்பது, இடதில் எட்டு. வேடம் கட்டியவரை உள்ளேயிருந்து கூப்பிட்டுக் காட்டினார். "அன்னைக்கு நேரம் ஆயிடுச்சுங்க வாத்தியாரே" என்றார் அவர்.

அடுத்து, துரியோதனன் வீழும் படுகளக் காட்சியின் படங்கள். அவை விடிகாலையில் எடுத்தவை, ஐஎஸ்ஓ 1600தான், ஆனால் புழுதி.