டைப் அடித்து ஆடும் டி அண்ட் டி: 11 நாள் ஷீட், மூன்று வாரச் சண்டை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்துக்குள் முதல் லெவல் கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) ஒருவனை நுழைக்க 11 நாள் ஆனது. நுழைந்த பிறகு ஐந்து கோப்ளின்களோடு நாலே ரவுண்ட் சண்டை, அதற்கு மூன்று வாரம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும். பதிவு போட்டு எழுத்தில் ஆடும் ஆட்டம் மெதுவாகத்தான் நகரும், அது தெரிந்துதான் சேர்ந்தேன். ஆனால் அந்த நாட்களில் பாதி ஆட்டத்துக்குப் போகவில்லை. நான் விதியை அரைகுறையாகப் படித்து எழுத, ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) நிறுத்திக் கேட்க, நான் திருத்த, அவர் தூங்கி எழுந்து பார்க்க என்றே கரைந்தது. அடிப்படை ஆட்டம் தெரிந்து, முதல்முறையாக எழுத்தில் ஆடப் போகிறவர்களுக்காக இது.

ஷீட், அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாள், நாலு முறை திரும்பியது. முதல் முறை பதிப்புக் குழப்பம். ஆள் தேவை அறிவிப்பில் ‘5இ’ (ஐந்தாம் பதிப்பு) என்று மட்டும் இருந்தது. 2014 விதியும் 5இ, 2024 விதியும் 5இ. நான் 2024-ஐ வைத்துப் போட்டேன், ஆட்டம் 2014-இல். அதில் கிளெரிக்குக்கு டொமைன் (அவன் சிறப்புப் பிரிவு) முதல் லெவலிலேயே உண்டு, 2024-இல் மூன்றாவது லெவலில்தான். எபிலிட்டி (திறன் எண்) போனஸ் அதில் இனத்திலிருந்து வரும், இதில் பேக்கிரவுண்டிலிருந்து. மொத்த ஷீட்டும் குப்பைக்கு. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி (அடிப்படை விதித் தொகுப்பு) கோப்பில் 5.1 என்பது 2014, 5.2 என்பது 2024. எந்த எண் என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பாயின்ட் பை, அதாவது புள்ளி கொடுத்துத் திறன் எண்களை வாங்குவது. 27 புள்ளி, 8-இல் தொடங்கி 15 வரை ஏற்றலாம். படிக்கு ஒரு புள்ளி என்று கணக்குப் போட்டு 15, 14, 14, 14, 10, 8 என்று எழுதினேன். அந்தக் கணக்கில் சரியாக 27 வரும், அதனால் சந்தேகமே எழவில்லை. உண்மையில் 13 வரைதான் படிக்கு ஒன்று. 13-லிருந்து 14-க்கு இரண்டு, 14-லிருந்து 15-க்கு இன்னொரு இரண்டு. அதாவது 14-இன் விலை 7, 15-இன் விலை 9. என் ஷீட்டின் மொத்தம் 32. டெக்ஸ்டெரிட்டியை 14-லிருந்து 10-க்கு இறக்கி 15, 14, 14, 10, 10, 8 ஆக்கியதும் 27-இல் நின்றது. இன போனஸ் இதற்குப் பிறகுதான்: ஹில் ட்வார்ஃபுக்கு கான்ஸ்டிட்யூஷன் 14 போய் 16, விஸ்டம் 15 போய் 16.

மூன்றாவது, மந்திரப் பட்டியல். தயார் செய்யும் எண்ணிக்கை விஸ்டம் மாடிஃபையரும் (அந்தத் திறன் எண் தரும் கூட்டல்) லெவலும் சேர்ந்தது: 3 + 1 = 4. அந்த நாலுக்குள் பிளெஸ்ஸையும் (கூட்டாளிகளின் ரோலுக்கு 1டி4 கூட்டுவது) க்யூர் வூண்ட்ஸையும் (காயம் ஆற்றுவது) போட்டிருந்தேன். என் லைஃப் டொமைனுக்கு அவை இரண்டும் எப்போதும் தயார், கணக்கில் சேராது. கையிலிருந்த இரண்டு இடத்தை நானே வீணடித்திருந்தேன். இது தடை அல்ல, நஷ்டம் மட்டுமே. அதையும் சுட்டிக்காட்டிய ஜிஎம்முக்கு நன்றி.

நாலாவது, கிளாஸ் தரும் உபகரணத் தொகுப்பையும் எடுத்து, 5டி4 (நாலு முகப் பகடை ஐந்து) உருட்டிப் பத்தால் பெருக்கி வரும் தங்கத்தையும் எடுத்தது. இரண்டில் ஒன்றுதான்.

எனக்கு ஒரே வருத்தம், பதிப்பைத் திருத்திய பிறகு வந்த மூன்றும் அடுத்த ஷீட்டிலேயே ஒருசேரக் கண்ணில் பட்டிருக்கக் கூடியவை. ஜிஎம் ஒன்றைக் கண்டதும் அதோடு நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அதனால் ‘இதைத் திருத்திவிட்டேன், மீதியையும் முழுதாக ஒருமுறை பார்த்துவிட முடியுமா?’ என்று சேர்த்து எழுதுங்கள். நாலாவது தடவைதான் எனக்கு அது தோன்றியது.

சண்டைக்கு வருவோம். இங்கே இனிஷியேட்டிவ் (யார் எப்போது ஆடுவது என்பது) தனித்தனி ஆள் வரிசையில் இல்லை. கோப்ளின்கள் ஒரு கூட்டம், நாங்கள் ஒரு கூட்டம். எங்கள் முறைக்கு 24 மணி நேரம், யார் முதலில் பதிவிட்டாலும் சரி. வேகத்துக்கு நல்ல ஏற்பாடுதான். சிக்கல் எங்கே என்றால், பதிவு வந்த வரிசையில்தான் எல்லாம் நடக்கும். முதல் ரவுண்டில் எங்கள் ஃபைட்டர் அடித்துவிட்டுப் போன பிறகு நான் பிளெஸ் போட்டேன், அவருடைய ரோலுக்கு அந்த 1டி4 கிடைக்கவில்லை. ஒன்றால் தவறிய அடி அது. பிளெஸ் போடுகிறவர் முந்திக்கொள்ள வேண்டும், அல்லது ‘பிளெஸ் போடப் போகிறேன், பொறுங்கள்’ என்று ஒரு வரி தட்டிவிட வேண்டும்.

இரண்டாவது ரவுண்டில் என் ஒரே முறைக்கு மூன்று நாள் பிடித்தது. எங்கள் ரோக் 0 எச்பியில் (உயிர்ப் புள்ளி) கிடக்கிறான், பக்கத்திலேயே கோப்ளின். நினைவிழந்தவனை 5 அடிக்குள் நின்று அடித்தால் அது தானாகவே கிரிட்டிகல். இரண்டு டெத் சேவ் (சாகாமல் தப்ப உருட்டுவது) தோல்வி ஒரே அடியில் ஏறிவிடும். பதறிப்போய், ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட், ஆக்‌ஷனில் க்யூர் வூண்ட்ஸ் என்று எழுதினேன். செல்லாது. 2014 விதிப்படி போனஸ் ஆக்‌ஷனில் மந்திரம் போட்டால், அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் பிடிக்கும் கேன்ட்ரிப் (இருப்பைச் செலவழிக்காத எளிய மந்திரம்) மட்டும்தான் போடலாம். ஸ்லாட் (மந்திரம் போடும் இருப்பு) மீதம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. முதல் ரவுண்டில் பிளெஸ் போட்டதால் எனக்கு மீதம் ஒரே ஸ்லாட்தான், இரண்டு மந்திரத்துக்குப் போதாது என்பது தனிக் கதை.

சரி, கேன்ட்ரிப்தானே, சேக்ரட் ஃப்ளேம் என்று மாற்றினேன். மறுநாள் பதில்: ‘எந்தக் கையால்?’ ஒரு கையில் மேஸ் (தண்டாயுதம்), இன்னொரு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம். மந்திரத்துக்குப் பொருள் தேவை என்றால் சின்னம் ஏந்திய கையே கை அசைவையும் செய்துகொள்ளலாம், அதனால்தான் பிளெஸ் தடையில்லாமல் போனது. சேக்ரட் ஃப்ளேமுக்கும் க்யூர் வூண்ட்ஸுக்கும் வாய்ச்சொல், கை அசைவு இரண்டும் உண்டு, பொருள் கிடையாது. அங்கே வெறும் கை வேண்டும். கூடுதல் பொருள் கேட்கும் மந்திரம் சுலபம், கேட்காதது கஷ்டம் என்பது எனக்கு இன்னமும் அபத்தமாகத்தான் படுகிறது, ஆனால் விதி அதுதான். ஹீலிங் வேர்டுக்கு வாய்ச்சொல் மட்டும் போதும், 60 அடி தூரத்துக்கும் எட்டும். மேஸை இடுப்பில் செருகுவது அந்த முறையின் இலவசச் செயல். திரும்ப உருவ அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் ஹீலிங் வேர்ட், மேஸ் அடி என்று எழுதி முடித்தேன்.

அதிலும் ஒரு கோட்டை விட்டேன். 1டி4+3 உருட்டினேன், 2 விழுந்தது, மொத்தம் 5. லைஃப் டொமைனுக்கு ஒவ்வொரு குணமாக்கும் மந்திரத்திலும் 2 + மந்திர லெவல் கூடுதல் உண்டு. என் ஹீலிங் வேர்ட் எப்போதுமே 1டி4+6. வர வேண்டியது 8. கோப்ளின் அடுத்து 6 அடித்தது, ரோக் மறுபடி விழுந்தான். 8 இருந்திருந்தால் 2 எச்பியோடு நின்றிருப்பான். கேட்டேன்; ‘முடிந்த ரவுண்டைத் திறக்க மாட்டேன்’ என்றார். நியாயம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. ஷீட்டில் மந்திரத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே முழு ரோலையும் எழுதிவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ரவுண்டில் எனக்கு 7 அடி. கான்சன்ட்ரேஷன் சேவுக்கு (அடிபட்டும் மந்திரத்தைத் தக்கவைக்க உருட்டுவது) டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 10, அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அது, இங்கே 10. இரண்டு அடி விழுந்தால் இரண்டு தனி ரோல், கூட்டக் கூடாது. 5 உருட்டி, கான்ஸ்டிட்யூஷன் 3 சேர்த்து 8. பிளெஸ் போச்சு என்று எழுதப் போனவன் நின்றேன். பிளெஸ் போட்ட மூவரில் நானும் ஒருவன். அந்த 1டி4 எல்லா சேவிங் த்ரோவுக்கும் உண்டு, அந்த மந்திரத்தையே காப்பாற்றும் சேவ் உட்பட. உருட்டினேன், 3 விழுந்தது, 11. பிளெஸ் நின்றது. மூன்று வாரத்தில் விதி என் பக்கம் நின்ற ஒரே தருணம்.

ஒரு முறையை நாட்காட்டியிடம் தோற்றேன். கெடு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகல். குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 10:30. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளினால் 9:30 ஆகிவிடும். பத்து மணிக்குப் பதிவிட்டேன்; அதற்குள் என் கிளெரிக்கை டாட்ஜ் (அடியைத் தவிர்ப்பது மட்டும்) எடுக்க வைத்துவிட்டார்கள். நவம்பரில் மாறும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அப்போது யாரும் அடிபடுவதில்லை.

நாலாவது ரவுண்டில் என் பதிவு இப்படி (டி7, டி5, இ5, டி4 எல்லாம் வரைபடக் கட்டங்கள், பகடை அல்ல): ‘டி7-லிருந்து டி5-க்கு நகர்கிறேன், 10 அடி. இ5 கோப்ளின் மீது மேஸ்: அடிக்கும் ரோல், பிளெஸ் 1டி4, சேதம் மூன்றும் கீழே. என் முறைக்கு முன் அது செத்திருந்தால் இதே ரோல்கள் டி4 கோப்ளினுக்கு. யாராவது என்னைத் தாண்டி ஓடினால் ரியாக்‌ஷனில் அடிப்பேன், அதற்கும் உருட்டிவைத்திருக்கிறேன்.’ சேதத்தை ‘பட்டால் உருட்டுகிறேன்’ என்று விட்டிருந்தால் அதற்கே இன்னொரு நாள் போயிருக்கும். ஜிஎம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேள்வி கேட்பதிலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ‘இதைப் போடலாமா?’ என்று கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வரும். ‘கேடயமும் மேஸும் கையில், இந்த மந்திரத்துக்குப் பொருள் இல்லை, எனவே முடியாது என்று படித்தேன், சரியா?’ என்று கேட்டதற்குப் பத்து நிமிடத்தில் ‘சரி’ வந்தது.

இப்போது இரண்டாவது லெவல். சேனல் டிவினிட்டியில் பிரிசர்வ் லைஃப் வருகிறது: லெவலுக்கு ஐந்தாக 10 எச்பி, 30 அடிக்குள் பிரித்துக் கொடுக்கலாம், யாரையும் அவரது அதிகபட்ச எச்பியில் பாதிக்கு மேல் ஏற்ற முடியாது. ரோக்கின் அதிகபட்சம் 15. ஒற்றைப்படையில் பாதி என்றால் 7-தானே, கீழே வட்டமிடுவதுதானே என்று சண்டை தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டாயிற்று.