கருப்பு உருண்டையில ஒரு பிறை

கோலி குண்டு ஆடினவங்களுக்கு இது உடனே புரியும். புது கோலிய ரெண்டு நாள் அடிச்சு ஆடுனா மேல குட்டி குட்டியா பிறை மாதிரி வெட்டு விழுந்துருக்கும், நகத்தால தடவுனா கூட தட்டுப்படாது, வெயில்ல திருப்பிப் பாத்தா மட்டும் மின்னும். கடலூர் ஓ.டி. தெருவுல அதை வச்சுதான் யாரு குண்டு பழசுன்னு கண்டுபிடிப்போம். அதே பிறையத்தான் இப்ப புதுச்சேரி சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில உக்காந்து சம்பளத்துக்குத் தேடிட்டு இருக்கேன்.

எங்ககிட்ட வர்றது பேரிங்குக்குள்ள போடுற பால், அதாவது உருண்டை, சிலிக்கான் நைட்ரைடுங்கிற செராமிக்ல செஞ்சது. கருப்பா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், கையில எடுத்தா லேசு, ஸ்டீல் ஒரு கன சென்டிமீட்டர் 7.8 கிராம்னா இது 3.2 தான். கரண்ட் பாயாது, அதனால எலக்ட்ரிக் வண்டி மோட்டார்ல பேரிங் வழியா கரண்ட் போய் பால் உருள்ற பாதையில வரி வரியா அரிக்கிற பிரச்சனை இதுல இல்ல. ஸ்டீல விட ரொம்ப கடினம். ஆனா வளைஞ்சு கொடுக்கத் தெரியாது, விரிசல் விட்டா விட்டதுதான்.

அந்த விரிசலுக்கு எங்க லைன்ல பேரு சி கிராக். ரெண்டு பால் மோதும்போது தொடுற இடம் ஒரு குட்டி வட்டம், வட்டத்துக்குள்ள அமுக்கம், ஆனா வட்டத்தோட விளிம்புல மேல்பரப்பு இழுபடும், செராமிக்குக்கு அமுக்கம் தாங்கும் இழுப்பு தாங்காது, அதனால விளிம்புலதான் கிழியும். சாய்வா உரசிட்டே மோதினா முழு வட்டமும் கிழியாம ஒரு பக்கம் மட்டும் கிழிஞ்சு சி எழுத்து மாதிரி நிக்கும். பேரிங்ல போட்டு ஓட்டுனா ஒவ்வொரு சுத்துக்கும் அது மேல லோடு ஏறி இறங்கி கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கும், ஒருநாள் செதில் மாதிரி பேந்துக்கும். பேந்த அந்தத் துண்டு பேரிங்கையே கெடுத்துடும்.

சாதா லைட்ல இது தெரியாது. முதல்ல அழுக்கு போகக் கழுவிக் காயவச்சு, பெனட்ரன்ட்னு விரிசலுக்குள்ள ஊடுருவுற திரவத்துல ஊறப்போட்டு, மறுபடி கழுவி, காயவச்சு, இருட்டு ரூம்ல 365 நேனோமீட்டர் யூவி லைட்டு கீழ பாக்கணும், விரிசலுக்குள்ள போய் ஒளிஞ்ச திரவம் பச்சை மஞ்சளா வெளிய கசிஞ்சு மின்னும். இந்த ரெண்டாவது தடவை கழுவுறதுலதான் சூட்சுமம் இருக்கு, கூடக் கழுவுனா விரிசல்ல இருக்குறதும் போயிடும், குறைச்சா பால் முழுக்க மின்னும். உள்ள போன உடனே பாக்கவும் கூடாது, கண்ணு இருட்டுக்குப் பழகணும். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தா சோப்புத்தூள்ல இருக்குற வெளுப்பான் நீலமா எரியும், அதுவே கண்ணக் கூசும். பஞ்சுத்தூசி கூட மின்னும், அப்ப சால்வென்ட்ல லேசா தொடச்சிட்டு கொஞ்சம் காத்திருந்து பாக்கணும், தூசின்னா போயிடும், விரிசல்னா திரும்பக் கசிஞ்சு வரும். புதுசா வந்த தம்பிங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், அவசரப்பட்டு ரிஜெக்ட் பண்ணாத, அவசரப்பட்டு பாஸும் பண்ணாத.

இன்னொரு கஷ்டம், உருண்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரே அச்சுல சுத்துனா பூமி உருண்டை மாதிரி ரெண்டு துருவமும் ஓரத்துலயே நின்னுடும், அங்க பிறை இருந்தா தப்பிச்சிடும். அச்சை மாத்தி மறுபடி சுத்தணும். கேமரா மெஷின்ல பால் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் சாயுற மாதிரி உருட்டி மொத்தப் பரப்பையும் எடுப்பாங்க. உள்ள புதைஞ்ச ஓட்டை, வேற துகள் இதுக்கெல்லாம் அல்ட்ராசவுண்ட் வேணும், அது தனிக் கதை.

நான் எழுத வந்தது போன மாச விஷயம். ஒரு லாட்ல, அதாவது ஒரே தடவையா வந்த சரக்குல, பிறை கூடிட்டே போச்சு, சப்ளையர் மேல எழுதிடலாம்னு லெட்டரே ரெடி. பாகூர்ல இருந்து வர்ற அக்காதான் கேட்டாங்க, "வந்த பெட்டியிலேர்ந்து நேரா எடுத்து, முதல் கழுவல் இல்லாம பெனட்ரன்ட்ல போட்டுப் பாத்தீங்களா?" பாக்கல. அதே லாட்ல பிரிக்காத பெட்டி ஒன்னு இருந்துச்சு, பால் ஒவ்வொன்னா கையால எடுத்து, தனித்தனியா ஊறவச்சு பாத்தோம், ஒன்னு கூட மின்னல. நாங்கதான் பெனட்ரன்ட்ல போடுறதுக்கு முன்னாடி கழுவிக் காயவச்சதை ஒரு முழ உயரத்துலேர்ந்து எவர்சில்வர் பேசின்ல கொட்டிட்டு இருந்திருக்கோம். சூளையில பல மணி நேரம் வெந்து, வாரக்கணக்குல தேச்சு பாலிஷ் ஆகி வந்த பொருளை நாம அரை நொடியில உடைச்சிருக்கோம்னு நினைச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. லெட்டரைக் கிழிச்சாச்சு.

இப்ப பேசின் கிடையாது, குழி குழியா இருக்குற பிளாஸ்டிக் ட்ரே, ஒரு குழிக்கு ஒரு பால். நேரம் கூடத்தான் ஆகுது, சூப்பர்வைசர் கேட்டாரு, பிறை விழுந்த பாலையும் விழாத பாலையும் யூவி லைட்டு கீழ பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினேன். கழுவுற ரூம்ல எங்கயாவது டக்குன்னு சத்தம் கேட்டா அக்கா போய் அந்தப் பாலைத் தனியா எடுத்து வச்சிடுறாங்க.