180 கோடி ரூபாய் வாழைப்பழமும் மாமா எழுதிய உறுதியும்

சுவரில் ரேப் போட்டு ஒட்டிய ஒற்றை வாழைப்பழம் 62 லட்சம் டொலருக்கு விலைபோன கதை பழசுதான், 2024 நவம்பரில் நியூயோர்க்கில் சொதபீஸ் ஏலத்தில் நடந்தது. ஆனால் எங்கள் குடும்ப வட்ஸ்அப்புக்கு எல்லாம் ஆறுதலாகத்தான் வந்து சேரும். போன கிழமை கனடாச் சித்தி அதை அனுப்பிவிட, கொக்குவில் வீட்டு விறாந்தையில் பின்னேரத் தேத்தண்ணியோடு ஒரு வழக்கே நடந்தது.

"சீப்போ, குலையோ?" அம்மாவின் முதல் கேள்வி.

ஒற்றைப் பழம் என்றேன்.

"கதலியோ, இதரையோ?"

படத்தைக் காட்டினேன். நீளமான வெளிநாட்டுப் பழம். "உதிலை ஒரு ருசியும் இராது" என்று தள்ளிவிட்டா. நீர்வேலிக் குலை பார்த்து வாங்குகிற ஆளிடம் வேறு என்ன பதில் வரும்? எங்கள் இலங்கைக் காசில் ஏறக்குறைய 180 கோடி என்றதும் மாமி மட்டும், அதுக்கு நல்லூரடியில் ஒரு ஒழுங்கையையே வாங்கலாமே என்று பெருமூச்சு விட்டா.

இது மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியரின் கைவண்ணம், 2019இல் மியாமியில் முதலில் ஒட்டியது, பெயர் 'கொமீடியன்'. அன்றிலிருந்து ஆட்கள் அதைப் பிய்த்துத் தின்றபடியே இருக்கிறார்கள். 2023இல் சியோல் அருங்காட்சியகத்தில் ஒரு மாணவன் தின்றுவிட்டுத் தோலைத் திரும்ப ஒட்டிவிட்டு, காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை, பசித்தது என்றானாம். "காலமை சாப்பிடாமல் ஓடினால் உதுதான் நடக்கும்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா. ஏலத்தில் எடுத்த ஜஸ்டின் சன்னும் சும்மா இருக்கவில்லை, ஹொங்கொங்கில் நிருபர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே உரித்துச் சாப்பிட்டார்.

"அப்ப காசு போச்சே!" என்றா மாமி.

போகவில்லை. அவர் வாங்கியது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டுவது, அழுகினால் எப்படி மாற்றுவது என்ற விளக்கமும். நியூயோர்க் தெருக்கடையில் 35 சதத்துக்கு வாங்கிய அந்தப் பழம் கணக்கிலேயே இல்லை.

அதுவரை பேப்பருக்குள் இருந்த மாமா நிமிர்ந்தார். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் கிளாக்காக இருந்தவர். "அப்ப உறுதி இருக்குத்தானே? பிறகென்ன!" உலகத்துக் கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டார். கூரை போய், வளவு பத்தையாகிக் கிடந்தாலும் உறுதியைச் சூட்கேசில் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்த ஊரல்லவா, எங்களுக்கு இது விளங்காமல் போகுமா!

அக்காவின் மகன் உடனே ஒரு கதலிப்பழத்தை வயர் ஒட்டுகிற கறுப்பு ரேப்பால் விறாந்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, உறுதி எழுதித் தரச்சொல்லி அடம்பிடித்தான். மாமா உண்மையாகவே கொப்பித்தாளில் எழுதினார். கிழக்கு: கலண்டர். மேற்கு: மீற்றர்ப் பெட்டி. வடக்கு: பல்லி. தெற்கு: மாமியின் கதிரை. இவ்வெல்லைக்குட்பட்ட பழம் முழுவதும். பல்லி நகர்ந்தால் எல்லைப் பிரச்சினை வரும் என்றேன், "அது வராத காணி எங்கையடா இருக்கு?" என்றார்.

அடுத்தநாள் காலமை புட்டுக்குப் பழம் போதவில்லை. அம்மா சுவரில் இருந்ததைப் பிடுங்க, ரேப்போடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்றும் உரிந்து வந்தது. பெயின்ற் பற்றி உறுதியில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே தனக்குப் பொறுப்பில்லை என்பது மாமாவின் நிலைப்பாடு.