தண்டம் கட்டிய வழக்கும் காப்புறுதி முகவர் பதிவும்

மலையகத்தில் ஏதோ ஒரு வழக்கில் தண்டம் கட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். லயத்து அடிதடி, தோட்ட நிர்வாகத்தோடு தகராறு, வேலைநிறுத்தம் என்று காரணம் பலவிதம். பிறகு ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, "நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா?" என்ற கேள்வி வந்ததும் பாதிப் பேர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதிக்கொடுத்துத்தான் நான் காப்புறுதி முகவரானேன். போன வழியை எழுதிவைத்தால் யாருக்காவது உதவும்.

என் வழக்கு 2016 சம்பளப் போராட்டத்தில் வந்தது. நாட்சம்பளம் 1000 ரூபாய் கேட்டுத் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தி ரோட்டுக்கு இறங்கிய நேரம். (அந்த வருடம் 730 ரூபாய்க்குத்தான் கையெழுத்தானது. ஆயிரம் கைக்கு வர 2021 ஆகிவிட்டது.) எங்கள் சந்தியில் ரோட்டை மறித்தவர்களில் சிலரைப் பிடித்தார்கள், அதில் நானும் ஒருத்தி. சட்டவிரோதமாகக் கூடினோம் என்று தண்டனைச் சட்டக்கோவை 140ஆம் பிரிவில் குற்றச்சாட்டு. ஒவ்வொரு தவணைக்கும் ஹட்டனுக்குப் போக வேண்டும். போகிற நாளுக்குப் பேர் (அன்றைய கூலி) இல்லை, பஸ் காசு வேறு. "சுற்றவாளி என்று நின்றால் வழக்கு இழுபடும், ஏற்றுக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்றார் எங்களுக்காகப் பேசிய சட்டத்தரணி. எல்லோரும் ஏற்றுக்கொண்டோம், தண்டம் கட்டினோம், மறுநாள் கொழுந்தெடுக்கப் போய்விட்டோம். அந்த ஒரு சொல் பின்னால் எங்கெல்லாம் வந்து நிற்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நாட்கூலிக்காரர்கள் குற்றத்தை ஏற்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் காசுக் கணக்குதான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

காப்புறுதி வேலையில் நான் நுழைந்ததற்குக் காரணம் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம். செயலாளராக இருந்து வீடு வீடாகச் சந்தா சேர்த்துப் பழக்கம். ஒரு சாவு வீட்டில் சங்கப் பணம் எவ்வளவு தூரம் போகும், எங்கே போதாமல் போகும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முகவருக்கான "லைசன்ஸ்" கொழும்பில் அரசாங்கம் நேரடியாகக் கொடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி தகுதிகளை வகுப்பது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. ஆனால் முகவரைத் தெரிவு செய்து தன்னிடம் பதிவு செய்துகொள்வது காப்புறுதி நிறுவனம், அல்லது தரகர் நிறுவனம். அதாவது நம் தாளை முதலில் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறுவனத்துக்காரர்கள். இது தெரிந்திருந்தால் ஓரிடத்தில் முடியாது என்றவுடன் மனம் உடைய வேண்டியதில்லை.

நான் முதலில் போன கிளையில், "கேஸ் இருந்தால் எடுக்க ஏலாது மிஸ்" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன வழக்கு என்றுகூடக் கேட்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் முகாமையாளர்தான், "எந்தப் பிரிவு? என்ன தீர்ப்பு? கோர்ட் தாளைக் கொண்டு வாங்க, மேலே அனுப்பிப் பார்ப்போம்" என்றார். வாடிக்கையாளரின் பணம் முகவரின் கைவழியாகப் போவதால் அவர்கள் பயப்படுவது களவு, மோசடி, நம்பிக்கைத் துரோகம் போன்ற வழக்குகளுக்கு. ஆகவே எந்தப் பிரிவு என்பதைத் தாளில் காட்டத் தெரிய வேண்டும். பணமோசடி வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கும் இதே வழி சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன்.

கோர்ட் தாள் எடுக்க வழக்கு இலக்கம் வேண்டும். அம்மா ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தாள்களோடு ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருந்த தண்டப்பணப் பற்றுச்சீட்டில் அது இருந்தது. மை வெளிறிப்போயிருந்தாலும் இலக்கம் தெரிந்தது. அதை வைத்து நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் தீர்ப்பின் சான்றுபடுத்திய பிரதிக்கு விண்ணப்பித்தேன். பழைய கோவை என்பதால் தேடி எடுக்க நாள் பிடித்தது. பிரதி சிங்களத்தில் இருந்தது. தெரிந்த ஒரு சட்டத்தரணி அக்காவிடம் கொடுத்து வரிக்கு வரி கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்ன ஒன்றை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவில் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தால், சிறைக்குப் போகாவிட்டாலும் அது தண்டனைதான். 306ஆம் பிரிவில், குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனை போட்டோ விடுவிக்க முடியும். எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவருக்கு வேறொரு வழக்கு 306இல்தான் முடிந்திருக்கிறது. அவர் பிரதி எடுத்துப் பார்க்காமலே எல்லா விண்ணப்பத்திலும் தான் தண்டிக்கப்பட்டதாக எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு பதில் எழுதுங்கள்.

அடுத்தது கிராம சேவகரின் வதிவிட, நற்சான்றிதழ். அந்தப் படிவத்திலும் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்று ஒரு வரி உண்டு. எங்கள் ஜி.எஸ். மாத்தையா நல்ல மனிதர். "நங்கி, இது சின்ன விஷயம், இல்லை என்று போட்டுவிடவா?" என்று சிங்களத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன். நிறுவனத்துக்கு ஏற்கெனவே ஆம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு தாளும் முரண்பட்டால் பொய்க்காரியாக நிற்கப்போவது நான்தான். கோர்ட் பிரதியைப் பார்த்து, பிரிவையும் தண்டப்பணத்தையும் அவரே எழுதினார். அதே படிவத்தில் பொதுப்பணி, சமூக சேவை பற்றி ஒரு வரி வரும். அதில் சாதாரணமாக ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் என்னைக் கேட்டு, மரண உதவிச் சங்கச் செயலாளர் என்று முழுதாக எழுதினார். அந்த வரியை வெறுமையாக விடவேண்டாம், கேட்டு எழுதுவியுங்கள். பிறகு பிரதேச செயலாளரின் மேலொப்பம். சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே கோர்ட் பிரதி கைக்கு வந்த பிறகே இதை எடுங்கள்.

சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசியும் முடித்தேன். என்ன நடந்தது, எந்தப் பிரிவு, தண்டம் கட்டியாயிற்று, வேறு வழக்கு இல்லை. அவ்வளவுதான், கதை நீட்டவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பணம் சம்பந்தப்பட்ட வழக்கு ஏதும் உண்டா, சங்கத்துக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். கணக்குக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தார்கள்.

முகவராகச் சேருமுன் எழுதும் அந்தப் பரீட்சை பெரிய பயமில்லை. தமிழில் எழுதலாம். ஓ.எல். வணிகக் கல்வி படித்தவர்களுக்கு நட்டோத்தரவாதம் (பட்ட நட்டத்தை மட்டும் ஈடுசெய்வது), பூரண நம்பிக்கை (எதையும் மறைக்காமல் சொல்வது) எல்லாம் தெரிந்த பாடம். நான் அது படிக்காதவள் என்பதால் உதாரணங்களை வைத்துப் படித்தேன். காப்புறுதி எடுப்பவர் நோயை மறைத்தால் பிறகு இழப்பீடு ஏன் நின்றுபோகும் என்ற பகுதியைத்தான் இன்றைக்கும் லயங்களில் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது. "சீனி வருத்தம் இருக்கு, எழுதாம விடு பிள்ள" என்று கேட்கிற அம்மாமார் உண்டு. எழுதாமல் விட்டால் உங்கள் பிள்ளைக்குப் பணம் வராது என்று உட்கார்ந்து சொல்கிறேன்.

ஆயுள் காப்புறுதிக்குத்தான் இப்போது பதிவு. வாகனம், கடை போன்றவை பொதுக் காப்புறுதியில் வரும், அது வேறு நிறுவனம். டவுனில் த்ரீவீலர் அண்ணாமார் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதே கோர்ட் பிரதியையும் புதிதாக எடுத்த ஜி.எஸ். சான்றிதழையும் முன்னால் வைத்து.