வின்டர்ஹால்டரின் டச்சப்

கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்து பிழைப்பவன் நான். அதனாலோ என்னவோ, எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் எங்கே மழுப்பியிருக்கிறார்கள் என்றுதான் கண் தேடும். இந்த வித்தையில் என் குலகுரு ஓவியர் ஃபிரான்ஸ் சேவர் வின்டர்ஹால்டர். 1805-ல் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவர். பாரிஸ், லண்டன், வியன்னா என்று அந்தக் கால ஐரோப்பாவில் அவர் முன்னால் வந்து உட்காராத ராஜ குடும்பம் குறைவு.

1855-ல் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியை எட்டுத் தோழிகளோடு ஒரு தோப்பில் உட்கார வைத்து வரைந்தார். சுவர் அகலத்துக்குப் பட்டும் மஸ்லினும். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் அதில் துணிதான் தெரிகிறது, ஒன்பது பெண்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே தோல்.

1846-ல் வரைந்த விக்டோரியா குடும்பப் படம் கொஞ்சம் மேல். அரசி, கணவர் ஆல்பர்ட், ஐந்து பிள்ளைகள். குட்டி ஆல்ஃபிரட் கவுனோடு தத்தித் தத்தி நடக்கிறான், அக்காமார் கைக்குழந்தை ஹெலெனாவைச் சுற்றி நிற்கிறார்கள். வீட்டுப் படம் மாதிரிதான். ஆனால் அம்மா தலையில் மரகதமும் வைரமும். யார் வீட்டில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு பிள்ளை வளர்க்கிறார்கள்? அடுத்த வருடம் இதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள் என்று தெரிந்தால் கிரீடத்துக்கும் காரணம் புரிந்துவிடும்.

இதே மனிதர், இதே விக்டோரியாவை 1843-ல் வேறு மாதிரி வரைந்திருக்கிறார். ஆல்பர்ட்டின் பிறந்தநாளுக்கு அரசி ரகசியமாகச் சொல்லி வரையவைத்த படம். வெள்ளை உடை தோளிலிருந்து நழுவுகிறது, சிவப்பு மெத்தையில் சாய்ந்திருக்கிறாள், கூந்தலில் பாதி அவிழ்ந்து கிடக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பல் தெரிகிறது. என்னிடம் இப்படி ஒரு படம் வந்தால் முதல் வேலையாக அந்த வாயை மூடியிருப்பேன். அவர் விட்டுவிட்டார். பார்க்கப்போவது புருஷன் ஒருவன்தானே.

ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் கதையும் இதேதான். கூந்தலில் வைர நட்சத்திரங்களோடு நிற்கும் 1865-ஆம் வருடப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அவள் கணவர், பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் தன் அறையில் மாட்டி வைத்துக்கொண்டது, நட்சத்திரம் ஏதும் இல்லாமல் முடியை அவிழ்த்துவிட்டிருக்கும் இன்னொரு படத்தை.

அப்புறம் துலீப் சிங். பத்து வயதில் பஞ்சாபையும் கோகினூரையும் ஆங்கிலேயரிடம் இழந்தவன். 1854-ல், பதினைந்து வயதில், பக்கிங்ஹாம் அரண்மனையில் வின்டர்ஹால்டருக்காக நின்றான். ஆர்டர் கொடுத்தது விக்டோரியா. அந்த நாட்களில் ஒருநாள் அரசி அதே கல்லை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஏற்கெனவே வெட்டிச் சிறிதாக்கிவிட்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அரசியிடமே கொடுத்துவிட்டான்.

படத்தில் இதன் சாயலே இல்லை. தலைப்பாகை, முத்து, வாள், பின்னால் கற்பனையான ஒரு கீழை நாடு. கழுத்தில் விக்டோரியாவின் சின்ன உருவப்படம். நாடு கையில் இருந்த காலத்தில்கூட அவன் இவ்வளவு ராஜாவாக இருந்திருக்க மாட்டான். வின்டர்ஹால்டர் செய்ததிலேயே பெரிய டச்சப் இதுதான் என்பேன்.